பெரியவள் மூச்சைப் பிடித்த நாட்கள்

நோயாளியைப் படுக்கவைக்கிற நீலப் பையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்கேன் அறைக்குள் நுழைந்த சின்னவள், மேஜை மேல் படுத்திருந்தது யாரென்று பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

அக்கா. ஆறு வருஷமாக முகத்தில் முழிக்காத சொந்த அக்கா. ஆஸ்பத்திரி அங்கி தோளில் நிற்காமல் சரிந்து கிடந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆளைப் பாதியாக்கி யாரோ மேஜையில் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அந்த வீட்டில் பிறந்தது இரண்டு பெண்கள். ஊர் உலகத்துக்கு வேறு பெயர்கள் இருந்தாலும் வீட்டுக்குள் ஒருத்தி பெரியவள், இன்னொருத்தி சின்னவள். தலை நரைத்த பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. பெரியவள் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டன். அவள் வராந்தாவில் செருமினால் மூன்றாவது மாடியில் பாட்டு நிற்கும். பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் மேஜர். சின்னவள் இந்த ஆஸ்பத்திரியின் ரேடியேஷன் பிரிவில் டெக்னீஷியன். கல்யாணம் செய்து, அது முறிந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறாள்.

பெரியவளும் அவளைப் பார்த்துவிட்டாள். கண் ஒரு நொடி விரிந்தது. பிறகு முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டு, அங்கே நின்ற சீனியர் டெக்னீஷியனிடம் கேட்டாள்.

"வேற ஆள் இல்லையா சார்?"

சீனியருக்கு ஒன்றும் புரியவில்லை. சின்னவள் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வராந்தா நாற்காலியில் அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். தூசு பட்டால்கூட மன்னிப்புக் கேட்கிற சுபாவம். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நீ இங்கதான் இருக்கேன்னு எனக்குத் தெரியும்மா. அவகிட்ட சொல்லலை. சொன்னா வரமாட்டா. இந்த மெஷின் வேற எங்கயும் இல்லைங்கறாங்க."

"என்ன அத்தான் ஆச்சு?"

"குடல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஆபரேஷன் ஆயிடுச்சு. கீமோவும் ஆச்சு. சரியாப் போச்சுன்னுதான் நினைச்சோம். இப்ப ஈரல்ல ரெண்டு இடத்துல தெரியுதாம்."

ரெண்டு வருஷம். அத்தனை நாளும் இவள் யார் யாரையோ அந்த மேஜையில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். சொந்த அக்கா வயிற்றைக் கிழித்துத் தைத்த செய்தி காதுக்கு வரவில்லை.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான்."

"சொன்னா வீட்டை விட்டுப் போயிடுவேன்னா. அந்த உடம்போட எங்கம்மா போவா?"

சண்டை அப்பாவால் வந்தது. அப்பாவுக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்தபோது பெரியவள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். அவருக்குத் தெரியக்கூடாது, கேட்டால் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் சின்னவள் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டாள். மூன்று வாரத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில், கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பெரியவள் சொன்னாள்: "எங்கப்பாவை நோய் கொல்லலை. இவ நாக்குதான் கொன்னுச்சு." அன்றைக்கு விட்ட பேச்சு.

அன்று சாயங்காலமே சின்னவள் டாக்டரம்மாவிடம் போய், வந்திருப்பது தன் அக்கா என்று சொல்லிவிட்டாள். சொந்தக்காரர்களுக்கு நாமே சிகிச்சை தரக்கூடாது என்பது அந்தப் பிரிவின் வழக்கம். டாக்டரம்மா தலையசைத்தார்.

"சீனியர் பாத்துக்கட்டும். நீங்க அந்த நேரத்துல வேற வேலை பாருங்க." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "ஆபரேஷன் பண்ண முடியாது. ஒரு கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கு. உங்க அக்காவுக்கு இதயமும் பலவீனம், மயக்க டாக்டர் ஒத்துக்கலை. அந்த ரெண்டு இடத்தை மட்டும் குறி வெச்சு எரிக்கிறதுதான் வழி. அதுவும் அவங்க மூச்சை ஒழுங்காப் பிடிச்சாத்தான்."

மூச்சுதான் எல்லாம். மூச்சை இழுத்தால் ஈரல் கீழே இறங்கும், விட்டால் மேலே ஏறும். ஊஞ்சலில் ஆடுகிற சுண்டைக்காயைக் கல்லால் அடிக்கிற கதை. அதனால் நோயாளி மூச்சை இழுத்து அசையாமல் பிடித்திருக்கிற நேரத்தில் மட்டும் கதிரைப் பாய்ச்சுவார்கள். வயிற்றின் மேல் ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்கள். அது ஏறி இறங்குவதைக் கேமரா பார்த்துத் திரையில் கோடாக வரையும். கோடு பச்சைப் பட்டைக்குள் நின்றால் கதிர் பாயும். கொஞ்சம் தப்பினாலும் தானாக நின்றுவிடும்.

பெரியவளின் கோடு நிற்கவே இல்லை.

பயிற்சிக்கு வந்த முதல் நாள், பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த சின்னவளுக்குச் சீனியரின் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. "மூச்சை இழுங்கம்மா. நல்லா இழுங்க. பிடிங்க. பிடிங்க. அய்யோ, விட்டுட்டீங்களே." மறுபடியும் அதே. மறுநாளும் அதே.

"ஆயுசு முழுக்க அடுத்தவங்களை அதட்டியே பழகினவங்க போல," என்று சீனியர் மைக்கை அணைத்துவிட்டு அலுத்துக்கொண்டார். "நாம சொன்னா உடம்பு கேக்க மாட்டேங்குது. இப்படியே போனா மூச்சு விட விடவே கதிர் வைக்க வேண்டியதுதான்."

அது என்னவென்று சின்னவளுக்குத் தெரியும். ஈரல் ஆடுகிற பரப்பு முழுக்கக் கதிர் பட வேண்டியிருக்கும். நல்ல ஈரலும் வேகும், பக்கத்துக் குடலும் வேகும். அதற்குப் பயந்து அளவைக் குறைப்பார்கள். குறைத்தால் கட்டி சாகாது.

அவள் மடித்த துணியை வைத்துவிட்டுக் கன்ட்ரோல் அறைக்கு வந்தாள். திரையில் அக்கா தெரிந்தாள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, அந்த நீலப் பைக்குள் பதிந்து படுத்திருந்தாள். பைக்குள் பொடிப்பொடியாகத் தெர்மாகோல் மணிகள் இருக்கும். ஆளைப் படுக்கவைத்துக் காற்றை உறிஞ்சினால் அவர் உடம்பின் வடிவத்திலேயே கல்லாக இறுகிவிடும். ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் அதே மாதிரி படுப்பதற்கு. கோடு, குழந்தை கிறுக்கின மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

சின்னவளுக்கு அந்த மூச்சு தெரியும். ஒரே பாயில், ஒரே போர்வையில் படுத்து வளர்ந்தவர்கள். எதையாவது செய்யப்போகும் முன் பெரியவள் முதலில் மூச்சைக் கொஞ்சம் வெளியே விடுவாள். ஊசி போட்டுக்கொள்ளும் முன், கிணற்றில் குதிக்கும் முன், திட்ட ஆரம்பிக்கும் முன். காலியான பிறகுதான் அவளுக்கு உள்ளே வாங்க வரும்.

"சார், ஒரு தடவை நான் சொல்லிப் பாக்கட்டுமா? பட்டன் எதையும் தொடமாட்டேன்."

சீனியர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டார். பிறகு மைக்கை அவள் பக்கம் தள்ளினார்.

அந்த மைக்கில் அவள் இத்தனை வருஷமாக எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறாள். எல்லோரையும் நீங்க, வாங்க, போங்க என்றுதான். இப்போது அது வாயில் வரவில்லை.

"முதல்ல கொஞ்சம் விடு," என்றாள். "அவசரமில்லை. இன்னும் கொஞ்சம். ம்... இப்ப இழு. மெதுவா. போதும். அப்படியே இரு."

கோடு ஏறியது. பச்சைப் பட்டைக்குள் நுழைந்தது. நுழைந்து, வரப்பில் வைத்த கயிறு மாதிரி நேராகக் கிடந்தது.

சீனியர் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"விடு," என்றாள் சின்னவள். அவளும் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

பயிற்சி முடிந்து சேலை மாற்றிக்கொண்டு வந்த பெரியவள், நேராகச் சீனியரிடம் போனாள். மூன்றடி தள்ளி நின்ற தங்கையின் பக்கம் திரும்பவில்லை.

"நாளைக்கும் அந்தப் பொண்ணையே பேசச் சொல்லுங்க," என்றாள்.

அப்படித்தான் சிகிச்சை தொடங்கியது. ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முறை. சீனியரும் இன்னொருவரும் மெஷினைப் பார்த்துக்கொள்வார்கள். சின்னவளுக்கு மைக் மட்டும். தடித்த கதவு மூடும், சிவப்பு விளக்கு எரியும், கூரைக்கும் மேஜைக்கும் இடையில் அந்தப் பெரிய இயந்திரம் அக்காவைச் சுற்றி நிதானமாக நகரும். உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி. விடு. இழு. இரு. விடு. ஆறு வருஷப் பேச்சுக்குப் பதிலாக அவர்களுக்கு வாய்த்தது இந்த நாலு சொல்.

அத்தானுக்கு அதுவே போதுமாக இருந்தது. "இன்னைக்குக் கரண்ட் வெச்சாச்சா? பேசினாளா?" என்று, சின்னவள் வெளியே வந்ததும் கேட்பார். கதிர் சிகிச்சையைக் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார், எத்தனை முறை திருத்தினாலும்.

மூன்றாம் முறை, கோணம் மாற்றுவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தபோது, ஸ்பீக்கரில் உள்ளேயிருந்து குரல் வந்தது. கூரையைப் பார்த்துப் பேசின குரல்.

"உனக்குத் தலையெல்லாம் நரைச்சுப் போச்சே."

கன்ட்ரோல் அறையில் எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள்.

"நீ மட்டும் என்ன, குமரியா?" என்றாள் அவள். "பேசாதே. கோடு ஆடுது."

கோடு நிஜமாகவே குதித்தது. பெரியவள் சிரித்திருந்தாள். சீனியர் தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்த்தார். ஆனால் கோபிக்கவில்லை.

ஐந்தாவது முறை முடிந்ததும் பெரியவள் மேஜையை விட்டு இறங்கி, தான் படுத்திருந்த பையைத் திரும்பிப் பார்த்தாள். தலை, தோள், முதுகு, இடுப்பு எல்லாம் குழியாகப் பதிந்திருந்தது. சின்னவள் அதை எடுக்க உள்ளே வந்திருந்தாள்.

"இவ்வளவு அகலமாவா எனக்கு இடுப்பு?"

"முன்னாடி வந்திருந்தா பை பத்தாது."

"இதை என்ன பண்ணுவீங்க?"

"காத்தைத் திறந்து விட்டுடுவோம். அடுத்த ஆளுக்கு ஆகும்."

"நானே திறக்கட்டுமா?"

சின்னவள் மூடியைக் காட்டினாள். பெரியவள் அழுத்தினாள். உஸ் என்று காற்று உள்ளே போக, கல்லாக இருந்தது தளர்ந்தது. முதலில் தலைக்குழி போனது, பிறகு தோள். கடைசியில் வெறும் தலையணை மாதிரி சொத்தென்று படுத்துக்கொண்டது. பெரியவள் அதை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. சாப்பிட," என்றாள். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள்.

சின்னவள் போனாள். அடுத்த ஞாயிறும் போனாள். எல்லாம் பேசினார்கள். ஹாஸ்டலில் சுவரேறிக் குதித்த பெண், சின்னவளின் வீட்டுக்காரம்மாவின் கெடுபிடி, அத்தான் தன் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடியது. அப்பாவைப் பற்றி மட்டும் பேசவில்லை. சுவரில் அவர் படம் இருந்தது. இருவரும் அதன் பக்கம் கண்ணைக் கொண்டுபோகாமல் சாப்பிட்டார்கள். பெரியவளுக்குக் கொஞ்சம் உடம்பு தேறியது. சோறு இறங்கியது. வேலைக்குத் திரும்பினாள். மேஜர் வந்துவிட்டாள் என்று ஹாஸ்டல் அடங்கியது.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். பெரியவள் துணி மாற்றப் போயிருந்த நேரத்தில் அத்தானையும் சின்னவளையும் டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார்.

"ஈரல்ல நாம அடிச்ச ரெண்டு இடமும் செத்துப் போச்சு. அதுல ஒரு குறையும் இல்லை." அவர் குரலில் சந்தோஷம் இல்லை. விரலைக் கீழே நகர்த்தினார். "ஆனா இங்க பாருங்க. வயித்தோட உள் சவ்வு. இங்க, இங்க, இதோ. மணல் தூவின மாதிரி. இதைக் குறி வெச்சு அடிக்க முடியாது. எங்கேன்னு வெக்கிறது? கீமோ திரும்பக் கொடுத்துப் பார்க்கலாம். நாளைக் கொஞ்சம் தள்ளிப் போடும்."

சின்னவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. செத்துப்போன இரண்டு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை சரியாக, மயிரிழை தப்பாமல் விழுந்திருந்தது. அவ்வளவு சரியாகச் செய்தும் இப்படியா என்று இருந்தது.

"என் வீட்டுக்காரிக்கு நானே சொல்லிக்கறேன் டாக்டர். ஒரு வாரம் டைம் குடுங்க," என்று அத்தான் கும்பிட்டார். வெளியே வந்து, தண்ணீர் மெஷின் பக்கம் சின்னவளை ஒதுக்கிக்கொண்டுபோய்ச் சொன்னார், "சொல்லக்கூடாதும்மா. ஈரல்ல சரியாயிடுச்சுன்னு மட்டும் சொல்லிடலாம். அது பொய்யில்லையே."

"அத்தான்..."

"போன தடவை நடந்தது போதும். கையெடுத்துக் கும்பிடறேன்."

அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்து வேண்டுமென்றே பேசுகிற மனுஷனும் இல்லை. சின்னவள் காகிதத் தம்ளரில் தண்ணீர் பிடித்து அவரிடம் கொடுத்தாள்.

"நானாப் போய்ச் சொல்லமாட்டேன் அத்தான். ஆனா அவ கேட்டா, என்னால பொய் சொல்ல முடியாது."

அவர் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

ஒரு வாரம் அத்தான் வீட்டில் ஜோக்காகச் சொன்னார். கடைக்கு வந்தவர்களைப் பற்றி, காலில் இரண்டு விதச் செருப்போடு கடைக்குப் போன தன்னைப் பற்றி. ராத்திரி சாப்பாட்டுக்கு இனிப்பு வாங்கி வந்தார். வாரக் கடைசியில் பெரியவள் தங்கைக்குப் போன் செய்தாள். "ஹாஸ்டலுக்கு வந்துட்டுப் போ. போர்வை எல்லாம் சலவையிலிருந்து வந்திருக்கு, ஒரு கை வேணும்."

வார்டன் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஆணியில் சாவிக்கொத்து. வெளியே பெண்கள் தட்டு கழுவுகிற சத்தம். இருவரும் எதிரெதிரே நின்று போர்வையின் நுனிகளைப் பிடித்து உதறி மடித்தார்கள். நாலைந்து போர்வை ஆனதும் பெரியவள் சொன்னாள்:

"உங்க அத்தான் ஒரு வாரமா, நான் கேக்காமலே என்னைச் சிரிக்க வெக்கிறார்."

சின்னவள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஈரல் சரியாயிடுச்சாம். சரியாயிடுச்சுன்னா அந்த மனுஷன் ஏன் குளியலறைல தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அழணும்?" போர்வையின் நுனியை அவள் விடவில்லை. "நீ சொல்லு."

"உனக்கு நிஜமாத் தெரியணுமா?"

"உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்னு நினைக்கிறே? இந்தக் கிழிஞ்ச போர்வையை மடிக்கவா?"

சின்னவள் சொன்னாள். ஈரலில் இரண்டும் செத்தது முதலில். பிறகு சவ்வு. மணல் மாதிரி என்று சொன்னாள். கீமோ தரலாம், நாளைத் தள்ளும், ஆனால் போகாது என்றாள். வளைக்கவில்லை, நீட்டவில்லை. சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

பெரியவள் போர்வையை அரைகுறையாக மடித்துக் கட்டிலில் வைத்தாள். அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். வெளியே ஒரு தட்டு விழுந்து உருண்டது. யாரோ சிரித்தார்கள், உடனே உஷ் என்று யாரோ அடக்கினார்கள்.

"அப்பாகிட்டயும் இப்படித்தான் சொன்னியா?"

"ஆமா."

"அவர் என்ன சொன்னார்?"

ஆறு வருஷத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. ஏன் சொன்னே என்று கேட்டார்கள், எப்படி மனசு வந்தது என்று கேட்டார்கள். அவர் என்ன சொன்னார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சின்னவள் மேஜையில் சாய்ந்து நின்றாள்.

"அவர்தான் முதல்ல கேட்டார். நீ மருந்து வாங்கப் போயிருந்தே. எனக்குக் கேன்சர்தானேன்னார். நான் முழிச்சேன். நீ நாள் முழுக்க அந்த நோயாளிங்களோடயே இருக்கிறவ, உனக்குத் தெரியாம இருக்குமான்னார். ஆமாப்பான்னேன். சரின்னார். அப்புறம் சிரிச்சார்."

"சிரிச்சாரா?"

"உங்கக்கா பாவம்மான்னார். 'ஒரு மாசமா என் முன்னாடி நடிக்கிறா, அவளுக்கு நடிக்கவே வரலை. சளி, சளிங்கறா, உடனே அடுப்படிக்கு ஓடி மூக்கை உறிஞ்சறா. நிறுத்தச் சொல்லு. அவகூட நான் கொஞ்சம் நிஜமாப் பேசணும்'னார்."

பெரியவளின் வாய் கோணியது.

"இதைச் சொல்லத்தான் அன்னைக்கு உன்கிட்ட வந்தேன்," என்றாள் சின்னவள். "அப்பாகிட்ட சொல்லிட்டேன்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல நீ என்னைப் பேசவிடலை. என் பையை எடுத்து வாசல்ல வெச்சுட்டே."

"எடுத்து வெச்சேன்," என்றாள் பெரியவள். "உன்னை வெளியே தள்ளிட்டு உள்ளே போய் அப்பாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? சின்னவளுக்குப் பைத்தியம், வேற யாரோட ரிப்போர்ட்டையோ பாத்துட்டு உளர்றா, உங்களுக்குச் சளிதான்னேன். அவர் என்னையே பாத்தார். அப்படியாம்மான்னார். சரின்னு தலையாட்டினார். நம்பிட்டார்னு எனக்கு எவ்வளவு நிம்மதி."

கொஞ்சம் மூச்சை வெளியே விட்டாள். பிறகு உள்ளே இழுத்தாள்.

"மூணு வாரம்டி. கடைசி வரைக்கும் நான் நடிச்சேன். எனக்காக அவரும் நடிச்சிருக்கார்."

சின்னவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பெரியவள் அழுதது அந்த ஹாஸ்டலுக்குக் கேட்டிருக்கும். தட்டு கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. யாரும் கதவைத் தட்டவில்லை.

அன்றைக்குத் தங்கையோடு வீட்டுக்குத் திரும்பியதும் பெரியவள் செய்த முதல் வேலை, செருப்பைக்கூடக் கழற்றாமல் அத்தான் முன்னால் போய் நின்றதுதான்.

"இனிமே ஜோக் சொல்லாதீங்க. எனக்குத் தெரியும்."

அவர் சின்னவளைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, பெரியவளின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா," என்றார். "என்னால முடியலைம்மா. என்னால முடியவே இல்லை."

கீமோவை மறுபடி ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் பெரியவளே போதும் என்றாள். வயிற்றில் நீர் கோத்தது. எடுத்தார்கள், மறுபடி கோத்தது. ஹாஸ்டல் வேலையை விட்டாள். பெண்கள் கூட்டமாக வீட்டுக்கு வந்து சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். "மேஜர்னு ஒரு வார்டன் இருந்தாளாமே, அவ எப்படி?" என்று பெரியவள் முகத்தை மாற்றாமல் கேட்டாள். அவர்களில் ஒருத்தி விம்மி விம்மி அழுதாள். சுவரேறிக் குதித்தவள் அவள்தான்.

சின்னவள் லீவு போட்டுவிட்டு அங்கேயே வந்து தங்கினாள். இரண்டு பேரும் அப்பாவைப் பற்றிப் பேசித் தீர்த்தார்கள். வலி இல்லாத நேரங்களில் பெரியவள் புதிது புதிதாகக் கேட்பாள். சிரிச்சாரே, சத்தமாவா, சும்மாவா? மூக்கை உறிஞ்சறான்னா சொன்னார், அந்த வார்த்தையையேவா? சின்னவள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வாள். சில நாள் பெரியவள் சிரிப்பாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சில நாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கேட்க ஆள் இல்லாத மன்னிப்பு ஒன்று அவளிடம் மிச்சமிருந்தது. அதற்குத் தங்கையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தங்கையிடம் கேட்க வேண்டியதை அவள் கேட்டுவிட்டாள், ஒரு பகலில், தலை வாரிவிடும்போது, இரண்டே வார்த்தையில்.

கடைசி வாரங்களில் பெரியவளுக்குக் கண் மங்கலாகிவிட்டது. எத்தனையோ பேருக்குக் கண்ணாடி பொருத்தின அத்தானின் கைக்கு, சொந்தப் பெண்டாட்டிக்கு ஒன்று பொருத்திக் கொடுக்கத் தெரியவில்லை. அது கண்ணாடியால் ஆகிற காரியமில்லை என்று அவருக்கும் தெரியும். அதனால் தினமும் மத்தியானம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரை வாசித்துக் காட்டினார். விலைவாசி, விபத்து, வானிலை, விளம்பரம், எதையும் விடமாட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நடுவில் "அவனைக் கொண்டுபோய் உள்ளே போடணும்," என்பாள்.

அன்று சின்னவள் துணி துவைத்து மாடியில் காயப்போடப் போயிருந்தாள். நல்ல வெயில். இறங்கி வரும்போது படியிலேயே அத்தானின் குரல் கேட்டது. எங்கோ பாலம் கட்டி முடிக்காமல் கிடக்கிற செய்தி. அறைக்குள் வந்து பக்கெட்டைக் கீழே வைத்தவள், கட்டிலைப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அவர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்," என்றாள். அவர் நிமிரவில்லை. பத்தி முடிய இரண்டு வரி இருந்தது. அதை முடித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் கட்டிலைப் பார்த்தார்.

சின்னவள் அக்காவின் கையை எடுத்து நேராக வைத்தாள். இன்னும் சூடு இருந்தது.

"நான் பாட்டுக்குப் படிச்சுக்கிட்டே இருந்தேன்," என்றார் அவர். பேப்பரின் மேல் விரலை மேலும் கீழும் நகர்த்தித் தேடினார். "எந்த இடத்துல போனான்னு தெரியலையேம்மா."

சின்னவள் பேப்பரை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மடித்தாள்.

"எல்லாத்தையும் கேட்டிருப்பா அத்தான்."

"பாலம் வரைக்குமா?"

"பாலம் வரைக்கும்."

அவர் தலையாட்டினார். அவள் அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தன் புடவைத் தலைப்பில் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு, டாக்டரம்மாவுக்குச் சொல்லப் போனை எடுத்தாள்.